நான் தளர்த்திய ஊரடங்கு

போன வியாழக்கிழமை காலை நான் ஓர் ஊரடங்கைத் தளர்த்தினேன்.

யார் போட்ட ஊரடங்கு என்கிறீர்களா? யாரும் போடவில்லை. அதுதான் விஷயமே.

போன மாதம் சுமத்ராக் காற்று அடித்து, செமாபோக் பக்கம் தகரக் கூரைகளைக் கழற்றிக்கொண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். உடனே நம் ஊரில் ஒரு கமிட்டி பிறந்தது. சுதந்திரம் வந்ததிலிருந்து மலாக்காவில் எதற்கெடுத்தாலும் கமிட்டிதான்... பேப்பரில் எழுதுகிறவன் என்பதால் என்னையும் அதில் பிடித்துப் போட்டார்கள். காற்றும் கடல் பெருக்கும் ஒன்றாக வந்தால் ஆற்றோரத்து மக்களை எப்படி வெளியேற்றுவது? இதுதான் எங்கள் முன்னால் இருந்த கேள்வி.

படகு தயார். மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடம் தயார். அரிசி, பால் மாவு, கம்பளி எல்லாம் தயார். மக்களுக்கு எப்படித் தகவல் சொல்வது என்பதில் மட்டும் இழுபறி. தலைவர் சைரன் ஊதலாம் என்றார். தலைமுறைகளாக மலாய் பேசும் கம்போங் செட்டியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் கையைத் தூக்கினார்.

"சைரன் தாக் போலே. ஓராங் செமுவா மாசோக் லோங்காங்."

சைரன் கூடாது, சனமெல்லாம் லோங்காங்குக்குள், அதாவது தெருக் கால்வாய்க்குள், போய்விடும் என்கிறார். சரிதானே? ஜப்பான்காரன் காலத்தில் சைரன் கேட்டால் கால்வாயில் குதித்துப் படுக்கப் பழகிய ஊர் இது. வெள்ளம் வருகிற நேரத்தில் எல்லாரும் கால்வாயில் போய்ப் படுத்தால் என்ன ஆவது? கமிட்டியே ஆடிப்போய்விட்டது. சைரன் வேண்டாம், ஒலிபெருக்கி வேன் போதும் என்று முடிவானது. தமிழில் அறிவிக்கும் வேலை எனக்கு. என்ன ஒரு முன்யோசனை என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டு, கோப்பி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

வியாழக்கிழமை விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. காற்று, மழை, போதாக்குறைக்குக் கடல் பெருக்கு. கடலுக்குப் போக வழியில்லாமல் ஆற்றுத் தண்ணீர் திரும்பி ஊருக்குள் ஏற ஆரம்பித்தது. நானும் மலாய்க்கார டிரைவர் பாக் மாட்டும் வேனை எடுத்துக்கொண்டு, காஜா பெராங்கின் பின்பக்கம் இருக்கும் வரிசை வீடுகளுக்குப் போனோம். எஸ்டேட்டை விட்டு டவுனுக்கு வேலை தேடி வந்த நம்மவர்கள் குடியிருக்கும் இடம். நல்ல பள்ளம்.

பெண்கள் வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்தேன்.

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு..."

அவ்வளவுதான் சொன்னேன். பிள்ளைகளை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு பட், பட்டென்று கதவைச் சாத்தினார்கள். "உடனே வீட்டை விட்டு வெளியேறவும்" என்று கத்தினேன். மூடாமல் இருந்த ஒன்றிரண்டு கதவுகளும் மூடின. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாசற்படிகளைத் தண்ணீர் தாண்டுவதைப் பார்த்ததும் மைக்கைக் கீழே வைத்தேன்.

இறங்கிப் போய் மாரியாயி வீட்டுக் கதவைத் தட்டினேன். எங்கள் தெருவில் துணி துவைக்க வருகிறவள். கைக்குழந்தைக்காரி. புருஷன் துறைமுகத்து வேலைக்கு விடியுமுன்னே போய்விடுவான்.

"மாரியாயி, நான்தான். கதவைத் திறம்மா."

கதவு விரல் அளவுக்குத் திறந்தது. இடுப்பில் குழந்தை. தண்ணீர் அவள் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

"கர்பியூ எத்தன மணி வரைக்கும் ஐயா?"

"கர்பியூ இல்லம்மா. பாஞ்சிர் வந்திருச்சு, வெள்ளம் ஏறுது பாரு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு வா."

"வேனு சத்தம் கேட்டுச்சே. எஸ்டேட்டுல இப்படித்தான் வேனு வந்தப்ப எங்க வீட்டுக்காரரு தண்ணி புடிக்க வெளிய போனாரு. போலீசு லோரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. திரும்பி வர எத்தன மாசம் ஆச்சு தெரியுமா? நான் வரமாட்டேன் ஐயா. பிள்ளையோட உள்ளயே இருந்துக்கிறேன்."

கதவு மூடிக்கொண்டது.

கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், ஊரடங்கை அறிவிக்க எஸ்டேட் எஸ்டேட்டாகப் போன வேனும் இதே மாதிரி வேன்தான். வேன் வந்தால் உள்ளே போ, கதவைச் சாத்து, தலையை நீட்டாதே... அரசாங்கமே வருஷக்கணக்கில் பயம் காட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம். அவர்கள் அதை ஒழுங்காகப் படித்து வைத்திருந்தார்கள். சைரனை நினைத்துப் பார்த்த கமிட்டிக்கு வேன் ஏன் நினைவுக்கு வரவில்லை? அந்த வருஷங்களில் நாங்கள் டவுனில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தோம். வேறென்ன?

ஆனால், அதே வேன் சொல்லித்தான் கதவுகள் திறந்ததும் உண்டல்லவா? நான் வேனுக்கு ஓடினேன். மைக்கை எடுத்து, அன்பு, அவசரம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் காலத்து சர்க்கார் குரலில் சொன்னேன்.

"ஊரடங்கு தளர்த்தப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் அரிசியும் பால் மாவும் வழங்கப்படும். குடும்பத்தோடு வரவும்."

கதவுகள் திறந்தன. கூடை, டின், பை... கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினார்கள். என்ன சொன்னீர்கள் என்று பாக் மாட் மலாயில் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவரும் அந்த வருஷங்களில் வேன் ஓட்டியவர்தான்.

மாரியாயி கடைசியாக வந்தாள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் காலிக் கூடை. அவளை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மத்தியானத்துக்குள் அந்த வரிசை வீடுகளில் ஜன்னல் வரைக்கும் தண்ணீர். அவள் உள்ளேயே இருந்திருந்தால்... அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மனிதர்கள் நாம் சொல்வதைக் கேட்பதில்லை. எந்தக் குரல் சொல்கிறது என்பதைத்தான் கேட்கிறார்கள். இதைக் கமிட்டியில் சொன்னேன். தலைவர் தலையாட்டிவிட்டு, இன்னும் பெரிய ஒலிபெருக்கி வாங்கலாமா என்று கேட்டார்.

இன்னொன்றைத் தலைவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் குழந்தை பால் குடித்துத் தூங்கிய பிறகு, மாரியாயி மெல்ல என் பக்கத்தில் வந்தாள்.

"எத்தன மணிக்கு ஐயா நாங்க உள்ள போகணும்?"

"நம்ம நாடும்மா இது. தண்ணி வடிஞ்சதும் உன் இஷ்டம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு நேராக வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் போய் அதையே கேட்டாள்.