என் மேஜையில் இல்லாத டிஸ்க்

மத்திகிரியில் குடியிருக்கும் நான், ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கணக்கு பார்க்கிறேன். எங்கள் மேஜைகளில் திரையும் கீபோர்டும் மட்டும்தான். எல்லாருடைய கம்ப்யூட்டரும் சர்வர் அறையிலுள்ள ஒரே இயந்திரத்துக்குள் ஓடுகிறது; ஒவ்வொருவர் டிஸ்கும் அங்கே ஒரு ஃபைலாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் காலை என் திரையில் 'பூட் டிஸ்க் இல்லை', அதாவது கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் டிஸ்கையே காணோம் என்று வந்து நின்றது. சிஸ்டம் பார்க்கும் சார் வந்ததும், "நேத்து ஸ்கூல்லருந்து குழந்தையக் கூப்பிட ஓடுனியே, சரியா ஷட்டவுன் பண்ணாமப் போயிட்டியாம்மா?" என்றார். வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. எனக்கே என்மேல் சந்தேகம் வந்து, மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டேன். "குழந்தையும் வேலையும் ஒண்ணா ஆகாதும்மா" என்றார் அவர்.

மதியம் பெங்களூரிலிருந்து வந்த சர்வீஸ் இன்ஜினியர் செட்டிங்ஸைத் திறந்து பார்த்து, "இவங்க டிஸ்க் ஃபைல வேற ஃபோல்டருக்கு யாரு மாத்துனது?" என்று கேட்டார்.

"சர்வர்ல இடம் பத்தலன்னு நேத்து நான்தான்..." என்று இழுத்தார் சிஸ்டம் சார்.

இன்ஜினியர் செட்டிங்ஸில் அந்த ஃபைலின் புது இடத்தைக் காட்டியதும் கம்ப்யூட்டர் ஓடியது. கணக்குகள் அப்படியே இருந்தன. "சரி, வேலையப் பாரும்மா" என்பதோடு மேனேஜரும் சிஸ்டம் சாரும் முடித்துக்கொண்டார்கள்.

என் மேஜையிலேயே இல்லாத டிஸ்கை நான் எப்படிக் கெடுத்திருக்க முடியும்? அதைக் கேட்காமல் மன்னிப்புக் கேட்டதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இப்போதெல்லாம் எது நின்றாலும், "கடைசியா இத யாரு சார் தொட்டாங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். குழந்தையைக் கூப்பிட அதே நேரத்துக்குத்தான் கிளம்புகிறேன்.