சொறிமீன் நஞ்சு: என் பெயர் விடுபட்ட கட்டுரை

துறை நூலகத்துக்குப் புதிதாக வந்த ஆராய்ச்சி இதழைப் பிரித்தேன். அதில், நஞ்சிலுள்ள புரதங்களைப் பிரித்துப் பார்க்க நான் ஓட்டிய ஜெல்லின் படம் இருந்தது. ஓரத்தில் நான் கிழித்துவிட்ட இடம்கூட அப்படியே தெரிந்தது. கட்டுரைக்கு மேலே இரண்டு பெயர்கள்: என் கைடு, அவருடைய இன்னொரு மாணவர் சேகர். கடைசியில் நன்றி சொல்லும் வரியில் நான் இருந்தேன், ‘மாதிரி சேகரிக்க உதவியவர்’ என்று.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் பிஎச்.டி.யில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. செங்கல்பட்டுப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்.

மாதிரி சேகரித்த கதை

விடிந்ததும் பஸ் பிடித்து மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்குப் போவேன். வலையில் சிக்கும் சொறிமீனை, அதாவது ஜெல்லி மீனை, கன்னியப்பன் என்கிற மீனவர் எனக்காக எடுத்து வைப்பார்.

“இன்னாம்மா இது, நாங்க தூக்கிக் கடாசுறத நீ ஐஸ்ல வெச்சு எடுத்துகினு போற!” என்று சிரிப்பார்.

ஒருநாள் சொறிமீனின் கொட்டும் இழை என் கையில் பட்டு எரிந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றப் போனேன். “ஐய, நல்ல தண்ணி வுடாதம்மா! இன்னும் எரியும். கடல் தண்ணில கழுவு” என்று தடுத்தார்.

என் வேலைக்கு வழி அங்கேதான் திறந்தது. அதுவரை நஞ்சு எடுக்க அந்தக் கொடுக்கிழைகளை டிஸ்டில்ட் வாட்டரில், அதாவது உப்பே இல்லாத நீரில், போட்டு வந்தேன். நன்னீர் பட்டதும் கொட்டும் செல்கள் வெடித்து நஞ்சு வீணாகிவிடும். கடல்நீரில், குளிரில், நான்கு நாள் ஊறவைத்தபோது செல்கள் முழுசாகப் பிரிந்தன. நஞ்சும் கிடைத்தது.

சேகர் ஒருநாளும் கடற்கரைக்கு வந்ததில்லை. கட்டுரையில் ‘டிஸ்டில்ட் வாட்டர்’ என்றே அச்சாகியிருந்தது. நான் கைடிடம் கொடுத்திருந்த பழைய நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

கைடின் அறை

“ஐஸ் தூக்கினு வந்ததுக்கெல்லாம் பேர் போடணும்னா எப்படிம்மா? சேகருக்கு ஃபெல்லோஷிப் இன்டர்வியூ இருக்கு. உங்க வூட்ல ஒரு டிகிரி வாங்கினதே பெரிய விஷயம். பொறுத்துப் போ” என்றார் கைடு.

நேரே துறைத்தலைவரிடம் போனேன்.

“சேகரும் நானும் தனித்தனியா நஞ்சு தயார் பண்றோம் சார். அவர் கட்டுரையில இருக்கிறபடி பண்ணட்டும், நான் என் புது நோட்டுல இருக்கிறபடி பண்றேன். நீங்களே பாருங்க.”

ஐந்தாம் நாள் அவர் முன்னால் இருவர் எடுத்ததையும் ஒரே உப்புக் கரைசலில் கலந்து, இரண்டு டெஸ்ட் டியூபிலும் ரத்த அணுக்களை விட்டோம். நஞ்சு இருந்தால் அது அணுக்களை உடைக்கும். என் டியூபில் அணுக்கள் உடைந்து திரவம் தெளிந்த சிவப்பானது. சேகருடையதில் ஒன்றும் உடையாமல் அடியில் போய்ப் படிந்தன. சேகர் தலையைக் குனிந்துகொண்டார்.

துறைத்தலைவர் கதவைச் சாத்தினார். “உன் வேலைதாம்மா, புரியுது. கைடை மாத்தித் தரேன். ஆனா இத வெளிய பேச வேணாம், டிபார்ட்மென்ட் பேரு கெட்டுடும்.”

திருடியதில் கெடாத பேர் நான் சொன்னால் கெட்டுவிடுமாம்! அன்றே இதழுக்குக் கடிதம் எழுதினேன். கைடு கையெழுத்து இல்லாமல் திருத்தம் போட முடியாது என்று பதில் வந்தது. சேகருக்கு ஃபெல்லோஷிப் கிடைத்தது. நான் வேறு கைடிடம், வேறு தலைப்பில், முதலிலிருந்து தொடங்கினேன். பட்டம் வாங்க இன்னும் நான்கு வருடம் ஆனது.

அந்தக் கட்டுரை இன்றுவரை திருத்தப்படவில்லை. அதை நம்பி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தப்பு தன்னுடையது என்று நினைத்து அழுத மாணவர்கள் எத்தனை பேரோ! நினைத்தால் இப்போதும் எனக்குக் கொதிக்கிறது.

ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: நோட்டில் ஒவ்வொரு பக்கமும் தேதி போடுங்கள், அன்றைக்கே கைடிடம் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் வேலையை எடுத்துக்கொண்டால் கேளுங்கள். பொறுத்துப் போகச் சொல்லி எனக்குப் பலர் புத்தி சொன்னார்கள், அன்பானவர்களும்கூட. அவர்கள் பேச்சைக் கேட்கவில்லையே என்று நான் ஒருநாளும் வருந்தியதில்லை.