பைக்குள் போன சுத்தியல்

2002-ஆம் வருடம், நல்ல கோடை. பெரம்பலூரில் நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு மர அறுவை மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் யாரிடமும் அதிகம் பேசாதவன். ரம்பம் ஓடும்போது யாரும் பேச முடியாது என்பதாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

கடலூர் பக்கம் படகு கட்டும் மேஸ்திரி ஒருவர், நீளமான ஒற்றை இலுப்பை மரம் கேட்டுச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைச் சதுரமாக அறுக்கும்போது நடுவில் ஒரு சாண் அளவுக்கு உளுத்திருந்தது. முதலாளியிடம் காட்டினேன்.

"கதவு நிலைக்குச் செய்வமுல்ல, அதே மாதிரி தூளையும் பசையையும் பிசைஞ்சு அடைச்சுடு. எவனுக்குத் தெரியப்போவுது?" என்றார்.

காலடியில் கிடந்த மாமரத் தூளை அள்ளி அடைத்தேன். மேலே மட்டும் இலுப்பைத் தூள். இழைத்து எண்ணெய் பூசியதும் எனக்கே இடம் தெரியவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மேஸ்திரி லாரியோடு வந்தார். மரத்தைத் தட்டிப் பார்க்கப் பையிலிருந்து சுத்தியலை எடுத்தவர், என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"நீங்கதானேண்ணே அறுத்தீங்க? உள்ள சுத்தமா இருக்கா?"

முதலாளி பக்கத்திலேயே நின்றார். நான் தலையாட்டினேன். சுத்தியல் பைக்குள் போய்விட்டது.

மரத்தை ஏற்றும்போது அவராகவே சொன்னார். "வெளிநாட்டுக்காரர் ஒருத்தரும் அவரு சம்சாரமும் படகுலயே குடியிருந்து கடல் கடலாப் போவப்போறாங்க. இது முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் ஓடுற அடிமரம். இதுல போல்ட் போட்டுக் கீழ இரும்புக்கட்டிய மாட்டுவோம். காத்து அடிச்சுப் படகு சாஞ்சாலும் அந்தக் கனம் இழுத்து நிமித்திடும். போல்ட் புடி வுட்டுச்சுன்னா அவ்வளவுதான். நடுக்கடல்ல அவங்களுக்கு இதுதாண்ணே தரை."

லாரி கிளம்பியது.

பில் புத்தகத்தில் அவருடைய போன் நம்பர் இருந்தது. மூன்று நாள் எஸ்.டி.டி. பூத் வாசல் வரை போய்த் திரும்பினேன். போனில் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நாலாம் நாள் லீவு போட்டுவிட்டு விருத்தாசலம் வழியாகப் பஸ் ஏறினேன்.

கொட்டகையில் என் மரம் கட்டைகள் மேல் கிடந்தது. மேஸ்திரி போல்ட்டுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார். கீழே சிவந்த தூள் குவிந்திருந்தது. ஒரு துளைக்கு அடியில் மட்டும் வெளுத்த தூள். அது என் மாமரத் தூள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சத்தம் போடவில்லை.

"வாங்கண்ணே. டீ சாப்புடுறீங்களா?" என்றார். பிறகு துளையைப் பார்த்தபடியே, "தட்டிப் பாக்கத்தான் சுத்தியல எடுத்தேன். நீங்க தலையாட்டுனீங்க, வச்சுட்டேன்" என்றார்.

அந்த வெளிநாட்டு அம்மாதான் டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். மேஸ்திரி அவரிடம் என்னைப் பற்றி என்ன சொல்லியிருந்தார் என்று தெரியாது. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னால் டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஊர் திரும்பி, முதலாளியிடம் வாங்கவேண்டிய ஏச்செல்லாம் வாங்கி, வேறு மரம் அனுப்ப வைத்தேன். லாரியோடு நானும் போய், அதை மேஸ்திரி கண்ணெதிரே முனையிலிருந்து முனை வரை நானே தட்டிக் காட்டினேன். படகைக் கடலில் இறக்கும் நாளுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். போகவில்லை.

இப்போதும் மரத்தில் பழுது கண்டால், பேச வராது என்பதால், சிவப்பு சாக்பீஸால் பெரிதாக வட்டம் போட்டுவிடுகிறேன். ஆனால் யாராவது என்னை நம்பித் தட்டிப் பார்க்காமல் மரத்தை எடுத்துப்போகும்போதெல்லாம், அந்தச் சுத்தியல் பைக்குள் போனது நினைவுக்கு வந்து தலை தானாகக் குனிந்துவிடுகிறது.