திருப்பிச் சொல்லச் சொன்ன டீச்சரம்மா

கூலி உயர்வு கேட்டு நாங்கள் அறுப்புக்குப் போகாத வருடம் அது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருமுனையில் போலீஸ் நின்றது. என் மகனுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று மாமியார் சொன்னதால் கொடுக்காமல் இருந்தேன்.

நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சரம்மா, புது நர்சு ஒருத்தியோடு வந்தார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி. நர்சு உப்பு சர்க்கரைக் கரைசலைப் பற்றி நின்றபடியே மடமடவென்று சொல்லி முடித்தாள். போகிற வீட்டில் எல்லாம் கேட்பது போலவே டீச்சரம்மா என்னையும் கேட்டார்.

"இவ என்ன சொன்னா, நீங்க சொல்லுங்க தங்கச்சி."

"உப்பு... சர்க்கரை..." என்று தொடங்கி, வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாவம், படிக்காதவங்க மேடம்," என்றாள் நர்சு.

"ஃபெயிலானது அவங்க இல்ல, நீதான். உக்காந்து பேசு. புள்ளைக்குத் தண்ணி குடுத்தாங்களா, இல்லன்னா ஏன்னு முதல்ல கேளு."

அவள் தரையில் உட்கார்ந்து கேட்டாள். மாமியார் பேச்சைச் சொன்னேன்.

"போற தண்ணிக்கு ஈடா ஊத்தலன்னா புள்ள வாடிப்போயிடும்க்கா," என்றாள்.

அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அவள் கலக்கித் தந்த கரைசலைக் கரண்டியில் ஊட்டினேன். பையன் உதட்டை நக்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தான்.

நிமிர்ந்தால், டீச்சரம்மா அவனைப் பார்க்கவே இல்லை. நர்சின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு மனத்தாங்கலாகத்தான் இருந்தது. அந்தப் பெண் அப்புறம் எங்கள் தெருவில் வீடு வீடாகத் தரையில் உட்கார்ந்து பேசியதைக் கண்டபோதுதான், அவர் எதைப் பார்த்துச் சிரித்தார் என்று புரிந்தது.