பேசாத பிள்ளைக்கு என்ன வருத்தம்?

நான் மாஸ்டராக இருக்கும் பள்ளிக்கூட விடுதியில் ஒரு பையனுக்கு வருத்தம், அதாவது ஒரு நோய், கண்டுபிடித்திருக்கிறார்கள். வருத்தத்தின் பெயர் — மௌனம்!

பையன் தேற்றாத்தீவு நவரெத்தினம், எச்.எஸ்.ஸி. வகுப்பு. கண்டுபிடித்தவர் கொழும்பிலிருந்து வந்திருக்கும் புது வார்டன். நல்ல மனிதர், சீமையில் மனோதத்துவம் படித்தவர். சிரித்துப் பேசிக் கூட்டத்தோடு திரிகிற பிள்ளைதான் சுகமான பிள்ளை என்பது அவர் படிப்பு. நவரெத்தினமோ கேட்டதற்குப் பதில் சொல்வான், அதோடு சரி.

அவனைத் தனியே விடக் கூடாது என்று உத்தரவு போட்டார். கிணற்றடிக்குப் போனாலும் கூட இரண்டு பேர். வாவிக்கரையில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் பகிடி சொல்லிச் சிரிக்கவைக்க ஒருவன். பையனுக்குச் சோறு இறங்கவில்லை, நித்திரையும் போயிற்று. வார்டனுக்கு அதுவே அத்தாட்சி! பரீட்சைக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று தாயாருக்குச் சொல்லியனுப்பினார்.

வார்டன் கணக்கில் அது பிள்ளைக்கு ஓய்வு. தேற்றாத்தீவில் அது, 'புத்தி பிசகினவன்' என்ற பெயர். பிறகு படிப்பாவது, பரீட்சையாவது!

போன கிழமை தாயார் வந்தார். மகன் மெலிந்திருப்பதைப் பார்த்துத் துடித்துப்போனார். அவன் பேசுவதில்லை என்பதுதான் குறை என்றேன், அவருக்கு விளங்கவேயில்லை.

"அடக்கமா இரிக்கிறதும் ஒரு வருத்தமா சேர்?"

பிறகு, முற்றத்தில் ஓயாமல் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்த கல்லடி ஊர்ப் பையனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பிள்ளைக்குத்தான் என்னவோ பிடிச்சிரிக்கு. பாவம், தாய்க்குத் தெரியுமா?"

பார்த்தீர்களா? வார்டனின் சுகமான பிள்ளை, தாயாரின் ஊரில் நோயாளி! இருவருக்கும் அக்கறைதான். ஆனால் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா?

நான் கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்:

"என்னக் கொஞ்சம் தனிய விட்டாக் காணும் சேர், வேற ஒண்டும் வேணாம். படிக்கணும்."

நேரே வார்டனிடம் போனேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் மிதித்தவன் நான். பெரிய படிப்பாளிகளை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் பேசினேன். காவலை எடுங்கள், அப்போதும் அவன் தேறாவிட்டால் நானே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றேன். கடைசியில் வார்டன் இசைந்தார்.

"உங்கட பொறுப்பு, மாஸ்டர்."

ஓம், என் பொறுப்புத்தான். காவல் போய்விட்டது. சோறு கொஞ்சம் இறங்குகிறது. நித்திரை இன்னும் முழுதாக வரவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பேசுவதும் பேசாததும் அவன் பாடு. அவன் பரீட்சை எழுதுவான் — அது என் பாடு!