ஓடுகிறது என்று எழுதிவிட்டுப் போனார்

அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் லேபில் நான் கெமிஸ்டாக நாலைந்து வருஷம் வேலை பார்த்தேன். வீடு பெரம்பலூரில். காலையில் பஸ் ஏறி அரியலூரில் இறங்கி, அங்கே காத்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் மாறி ஆலைக்குப் போக வேண்டும். சாயங்காலம் அதே வழியில் திரும்பி வர வேண்டும். அந்த வருஷங்களில் அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். ஆலையில் லெட்டர்ஹெட்டை மாற்றி மாற்றி அச்சடித்தார்கள். எனக்கு ஒன்றும் மாறவில்லை. அதே பஸ், அதே புழுதி. வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடும்.

எங்கள் லேபுக்கு ஒரு லேப்டாப் இருந்தது. நான் சேர்வதற்கு முன்னாலேயே வாங்கியது. விண்டோஸ் 98 போட்டிருந்தார்கள். கறுப்பாக, தடியாக இருக்கும். ஒருநாள் பேக்கிங் பிரிவுத் தராசில் சார்ஜரோடு வைத்துப் பார்த்தேன், நாலு கிலோவுக்கு மேல் காட்டியது. பேட்டரி செத்துப் பல காலம் ஆகியிருந்தது. ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். காலையில் அதைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் மைன்ஸுக்குப் போய், அன்றைக்கு வெட்டிய சுண்ணாம்புக்கல்லின் தரத்தை அங்கே ஆபீஸ் அறையில் ஒயரைச் சொருகிப் பதிய வேண்டும். மத்தியானம் லேபுக்குக் கொண்டுவந்து மிச்சத்தைப் பதிய வேண்டும். அந்தப் பை தொங்கிய தோளில் எனக்கு வலி வந்து, அது ஒரு நிரந்தர விருந்தாளி மாதிரி தங்கிவிட்டது.

கெமிஸ்ட் வேலைக்கு எழுதிப் போட்டபோது, பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்த டிப்ளமோவையும் சேர்த்து எழுதியிருந்தேன். அதைப் பார்த்துத்தான் எடுத்தார்களா தெரியாது. ஆனால் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து லேபில் கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லாம் என் தலையில் விழுந்தது. பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் மேலாளர் நல்ல மனிதர். ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷம் பாக்கி. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார், மேலே இருப்பவர்களிடம் சுத்தமாக உயர்த்த மாட்டார். புது லேப்டாப் வேண்டும் என்று சென்னை ஹெட் ஆபீஸுக்கு அவர் எழுதிப் போட்டு வெகுநாளாகியிருந்தது. பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் ஞாபகப்படுத்தவும் இல்லை.

இரண்டாயிரத்து நாலு வாக்கில் ஹெட் ஆபீஸிலிருந்து கூரியரில் இரண்டு சிடி வந்தது. ஒன்று, தினசரி தர அறிக்கை எழுதும் புது மென்பொருள். இனிமேல் எல்லா ஆலைகளும் இதில்தான் அனுப்ப வேண்டுமாம். அது விண்டோஸ் 98-ல் ஓடாது. அதனால் இன்னொரு சிடியில் விண்டோஸ் எக்ஸ்பி. மேலாளர் இரண்டையும் என் மேஜையில் வைத்தார்.

"இத நம்ம லேப்டாப்புல ஏத்த முடியுமாம்மா?"

"தெரியல சார். ரொம்பப் பழசு. ஹெட் ஆபீஸ்ல கேட்டுப் பாக்குறேன்."

போன் செய்தேன். அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர் லேப்டாப்பின் மாடல் எண்ணைக் கேட்டார். பார்த்துச் சொன்னேன்.

"அந்த மாடலுக்கு சப்போர்ட் கிடையாதுங்க மேடம். தயாரிச்ச கம்பெனிக்காரனே எக்ஸ்பிக்கு ஒண்ணும் குடுக்கல."

"அப்ப என்ன சார் பண்றது?"

"போட்டுப் பாருங்க. வந்தா வந்துச்சு."

ஆலையில் அதற்கு நேரம் கிடையாது. சோதிக்க வேண்டிய மாதிரிகள் வந்துகொண்டே இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அரியலூரில் பஸ் நிறைய ஜனம். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்த கையில் ஒரு பை, தோளில் இது. பக்கத்தில் நின்ற அம்மா, "என்ன கண்ணு, இவ்வளவு கனமா வச்சிருக்க, கொஞ்சம் கீழ வையேன்" என்றார். கீழே வைத்தால் மிதித்துவிடுவார்கள். பெரம்பலூர் வரை நின்றேன்.

என் கணவர் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமையிலும் அவருக்கு ஒரு கட்டு பரீட்சைப் பேப்பர் இருக்கும். மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் நான் லேப்டாப்பை விரித்ததும், அவர் பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்விட்டார்.

சிடி டிரைவ் பாதியில் திணறியது. ஒரு கோப்பை எடுக்க முடியவில்லை என்று சொல்லும், மறுபடி முயற்சி செய் என்று அழுத்தினால் கொஞ்சம் நகரும், மறுபடி நிற்கும். உள்ளே சிமென்ட் புழுதி போயிருக்கும் என்று நினைத்தேன். காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸைத் துடைத்தேன். பஞ்சு கறுத்துப்போய் வந்தது. அதற்குப் பிறகு கோப்புகள் ஒழுங்காக ஏறின. பாதி தாண்டியதும் கரண்ட் போனது.

பேட்டரி இல்லாததால் எல்லாம் போயிற்று. அந்த அமைதியில் கணவர் கட்டிலிலிருந்தே கேட்டார்.

"இது உன் வேலையா?"

"வேற யாரு பண்ணுவா?"

"யாரும் பண்ணலன்னா என்ன ஆவும்?"

எழுந்து போய் சோறு வடித்தேன். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை கோப்புகள் எல்லாம் ஏறி, தானாக அணைந்து மறுபடி ஆன் ஆனது. ஆன ஜோரில் திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி வந்து நின்றது. இந்தக் கணினியின் மின்சார நிர்வாகம் சரியான முறையில் இல்லை, தயாரிப்பாளரை அணுகவும் என்று அர்த்தம். தயாரிப்பாளர் எங்களைக் கைகழுவிவிட்டதை ஹெட் ஆபீஸ்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அணைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

இனி அது பழைய மாதிரியும் திறக்காது, புது மாதிரியும் திறக்காது. திங்கள்கிழமை மேலாளரிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது. என்னைத் திட்டவில்லை. "எப்படியாவது பாரும்மா, நான் ஹெட் ஆபீஸ்ல ஏத்திடுவோம்னு சொல்லிட்டேன்" என்றார். அந்த வாரம் முழுக்க அறிக்கைகளைக் கையால் எழுதி ஃபேக்ஸ் செய்தோம். சொல்லப்போனால் அது சுலபமாக இருந்தது. மைன்ஸுக்கு வெறும் பேனாவோடு போய் வந்தேன்.

அந்த வாரம் ஒருநாள் சாயங்காலம், வீட்டுக்குப் போகும் வழியில் பெரம்பலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். தட்டி வைத்து மறைத்த சின்னச் சின்னத் தடுப்புகள். பக்கத்துத் தடுப்பில் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று சவூதியில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருந்தது. "சாப்ட்டீங்களா, சாப்ட்டீங்களா" என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது. நான் நீலத் திரையில் வந்த வாசகத்தை அப்படியே அடித்துத் தேடினேன். என்னை மாதிரி எத்தனையோ பேர் எங்கெங்கோ உட்கார்ந்து இதையே கேட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் பதில் எழுதியிருந்தார். சிடியிலிருந்து ஆரம்பிக்கும்போது, அடியில் எஃப்6 அழுத்தச் சொல்லி ஒரு வரி வரும், அந்த நேரத்தில் எஃப்7 அழுத்துங்கள் என்று. ஏன் என்று எழுதவில்லை. கையில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்தேன். கணவர் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து லேப்டாப்பைப் பார்த்துத் திருப்பி வைத்தார். அது அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. இன்னும் இத்தனை நிமிஷம் என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த நிமிஷம் ஒவ்வொன்றும் எங்கள் ஊர் நிமிஷத்தைவிட நீளம். மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு, நீல வானமும் பச்சை மேடுமாக எக்ஸ்பியின் படம் வந்தது. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், விட்டது தொல்லை என்று இருந்தது. அவ்வளவுதான்.

தொல்லை விடவில்லை. அந்த லேப்டாப்பின் திரையை இயக்கும் டிரைவர் மென்பொருள் எக்ஸ்பிக்குக் கிடையாது. அதனால் எழுத்தும் படமும் கொழுத்துப்போய்த் தெரியும். புது மென்பொருளின் பக்கம் திரைக்குள் அடங்காது. கீழே இருக்கும் சேமிக்கும் பட்டன் கண்ணுக்கே தெரியாது. டேப் விசையை எத்தனை தடவை அழுத்தினால் அந்தப் பட்டனுக்குப் போகும் என்று கண்டுபிடித்து, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி அழுத்தி, என்டர் தட்டுவேன். ஒரு தடவை தப்பினால் அழிக்கும் பட்டனில் போய் நிற்கும், அரை மணி நேர வேலை போய்விடும். காலையில் ஆன் செய்துவிட்டுப் போய் டீ குடித்து, முதல் மாதிரியை அரைக்கக் கொடுத்துவிட்டு வந்தால் அப்போதுதான் தயாராகியிருக்கும். அணைக்கச் சொன்னால் தானாக அணையாது, இப்போது அணைக்கலாம் என்று எழுதிக் காட்டிவிட்டு நிற்கும். நான்தான் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

மேலாளருக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "சப்போர்ட்டே இல்லாத மெஷின்ல எங்க பொண்ணு ஏத்திடுச்சு" என்று கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சந்தோஷப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. நானும் சிரித்துவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எல்லாப் பிரிவுகளிலும் கம்ப்யூட்டர்களைப் பார்த்து, எதை மாற்றுவது என்று முடிவு செய்ய வந்தவர். எங்கள் பழைய கோரிக்கையும் அவர் கையில் இருந்தது. இஸ்திரி கலையாத சட்டையோடு லேபுக்குள் வந்து நின்றார். எங்கே சாய்ந்தால் அழுக்காகும் என்று பார்த்துக்கொண்டே பேசினார்.

"இதுதானா மேடம்? அட, எக்ஸ்பி போட்டிருக்கீங்களே."

"போட்டிருக்கு சார். ஆனா இதுல சேமிக்கிற பட்டன் வந்து—"

"ஓடுதுல்ல?"

நான் மேலாளரைப் பார்த்தேன். அவர் அதிகாரிக்குக் குடிக்க என்ன சொல்லலாம் என்ற யோசனையில் இருந்தார்.

"ஓடுது சார்" என்றேன்.

ஓடுகிறது என்று எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். புது லேப்டாப் கிடையாது என்று சில நாளில் கடிதம் வந்தது. தற்போதைய கருவி புதிய மென்பொருளோடு நல்ல முறையில் இயங்குவதால் என்று அதில் காரணம் போட்டிருந்தது.

மேலாளர் அதை என்னிடம் காட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார். மறுநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தார்.

"பேசாம பழையபடி ஆக்கிடும்மா. தொண்ணூத்தெட்டே போட்டுடு. புதுசு ஓடல, நின்னு போச்சுன்னு நான் எழுதுறேன். அப்பக் குடுத்துதான ஆவணும்."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு யோசனை வரும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்காக அவர் தன் சுபாவத்தையே கொஞ்சம் மீறியிருந்தார். சரி சார் என்று சொல்லி, அந்தச் சனிக்கிழமை மறுபடி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேஜையில் வைத்து, பழைய சிடியைப் போட்டு ஆன் செய்தேன். ஹார்ட் டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்கிறோமே என்ற உறுத்தலெல்லாம் இல்லை. சம்மதம் என்று அழுத்தினால் இன்றைய பொழுது போகும். சிடி திணறும், கரண்ட் போகும், அடுத்த வாரமும் போகும். பிறகு கடிதம், பதில், இன்னொரு அதிகாரி. நினைக்கும்போதே முதுகு வலித்தது.

"என்ன, ஆரம்பிக்கலயா?" என்றார் அவர்.

"முடியலங்க."

"அப்ப மூடி வை. வந்து இந்தப் பூண்ட உரி."

மூடி வைத்தேன். அன்றைக்கு நாங்கள் மீன் குழம்பு வைத்தோம். வெகுநாளைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருந்தது.

திங்கள்கிழமை மேலாளரிடம் உள்ளதைச் சொன்னேன். "மறுபடியும் அத உக்காந்து செய்யத் தெம்பு இல்ல சார். இதுலயே ஓட்டிக்கிறேன்." அவர் கோபப்படவில்லை. "எனக்கும் அத எழுத கை வந்திருக்காதும்மா" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அதிலேயே வேலை செய்தேன். டேப் விசையை எண்ணாமலே விரல் தானாக அழுத்தப் பழகிவிட்டது. பிறகு பெரம்பலூரிலேயே ஒரு கல்லூரியில் லேப் வேலை கிடைத்தது. சம்பளம் கொஞ்சம் குறைவு. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். இரண்டாவது யோசனை இல்லாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பி.எஃப். பேப்பரில் கையெழுத்து வாங்க ஒரு தடவை ஆலைக்குப் போனேன். என் இடத்தில் ஒரு பெண் இருந்தாள். ஜெயங்கொண்டத்துப் பக்கம், படித்து முடித்து நேராக வந்தவள். மேஜையில் மெல்லிசாக ஒரு புது லேப்டாப். நான் போன மூன்றாம் மாதம் எல்லாப் பிரிவுக்கும் மொத்தமாக வாங்கினார்களாம். எங்கள் கோரிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மேலாளர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "இது ஆன் ஆக எவ்ளோ நேரம் எடுக்குது?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. "உடனே வந்துடும்க்கா" என்றாள்.

"நல்லது" என்றேன். கையெழுத்து வாங்க வேண்டியவர் சாப்பாட்டுக்குப் போய்விடப் போகிறார் என்று எழுந்துகொண்டேன்.