சம்பந்திக்குக் கேசரி வைக்காத ஞாயிறு

டிவியில் நாலு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு கத்தினால் போதும், என் வீட்டுக்காரருக்கு அதுதான் வேதவாக்கு. வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனி ஆபீஸிலும் டிவி, வீட்டிலும் டிவி. அந்த வாரம் முழுக்க இலங்கைத் தேர்தல் பேச்சு. அந்த ஊர் மண்ணை மிதித்தே பார்க்காத ஆட்கள், சென்னையில் உட்கார்ந்துகொண்டு, "அங்கே நம் மக்கள் மனமொடிந்து கிடக்கிறார்கள், வீட்டுக்கு வீடு இழவு விழுந்ததுபோல இருக்கிறது" என்று உருகினார்கள். இவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் மகன் கொழும்புப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். இவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மகனோடு பெண்ணும் அவள் அப்பா அம்மாவும் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள்.

காலையில் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து அடுப்பை அணைத்தார்.

"துக்கத்துல இருக்கறவங்களுக்கு ஆராச்சும் இனிப்பு வெப்பாங்களா புள்ள? வெறுங் காப்பி போதும்."

எங்கள் வீட்டு வழக்கப்படி, சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு இனிப்பு வைத்தால் சம்மதம். வைக்காவிட்டால் இல்லை. மகன் அதை அவர்களிடமும் சொல்லி வைத்திருந்தான். நான் கத்திப் பார்த்தேன். கேட்கிற ஆளா இவர்?

அவர்கள் வந்தவுடன் இவர் போய், பெண்ணின் அப்பாவுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "மனசத் தேத்திக்குங்க. நம்ம கையில என்னங்க இருக்குது?"

நான் காப்பித் தட்டை நீட்டினேன். பெண்ணின் அம்மா தட்டைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மகன் என்னை முறைத்தான்.

அவள் அப்பா டம்ளரை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "பரவாயில்லை ஐயா. உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் நாங்கள் வெளிக்கிடுறம்."

"அய்யோ, அதில்லீங்க! உங்கூரு எலெக்சனுக்குத் தானுங்க சொன்னேன். எல்லாரும் ஒடஞ்சு போயிட்டீங்கன்னு டிவில சொன்னாங்களே?"

"எலெக்சனோ?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் போட்ட பெடியன் வெண்டிட்டான். இவ போட்ட ஆள் தோத்திட்டார்."

"ரெண்டு நாள் இவரோட கதைக்கேல்லை. அவ்வளவுதான்" என்றார் அம்மா.

"அட கெரகமே!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "எவனோ ஒளறுனதக் கேட்டுட்டு, என்ற பையன் கல்யாணத்தயே கலைக்கப் பாத்தீங்களேங்க!"

இவர் எழுந்து உள்ளே போனார். சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாத மனிதர். பாத்திரங்கள் உருண்டன. திரும்பி வரும்போது ஒரு கையில் உப்பு ஜாடி, மறு கையில் சர்க்கரை டப்பா. எங்கள் பக்கம் நிச்சயம் பண்ணும்போது உப்பும் சர்க்கரையும் மாற்றுவார்கள். நாள் பார்க்காமல், பங்காளிகளைக் கூப்பிடாமல், இவர் இரண்டையும் பெண்ணின் அப்பா கையில் கொடுத்தார். அப்புறம் ஒரு பிடி சர்க்கரையை அள்ளிப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தார்.

"தப்பா நெனைக்காத கண்ணு. இது உன்ற ஊடு. இனி உங்கூருச் சேதிய உன்னக் கேட்டுத்தான் நம்புவேன்."

அவளுக்குக் கண்ணீர் கொட்டியது.

"கேளுங்கோ மாமா" என்றாள், வாய் நிறையச் சர்க்கரையோடு.